சிப்பிக்குச் சிப்பி தொற்றும் புற்றுநோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குக் குளச்சல் பக்கம். சிப்பி சீசன் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் வாரத்தில் இரண்டு நாளாவது சிப்பி அவியும். நான் கடல் உயிரியல் படித்தவள் என்பதால், "கடல் சிப்பியில் தொற்றுப் புற்றுநோய்" என்ற செய்தி சொந்தக்காரர்களிடம் சுற்ற ஆரம்பித்ததும் ஆளாளுக்கு என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் கேட்ட கேள்விகளையெல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். செய்தி பொய் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு நம் ஆட்கள் பயப்படுவது தப்பான இடத்தில்.

முதலில் ஒன்று சொல்லுங்கள், சிப்பி சாப்பிட்டால் நமக்குப் புற்றுநோய் வருமா?

வராது. இந்த நோய் சிப்பி, மட்டி வகைகளுக்குள்தான் தொற்றுகிறது. நோயுள்ள மட்டியை மனிதர்கள் எத்தனையோ தலைமுறையாகத் தின்றுகொண்டிருக்கிறார்கள், அதனால் ஒருவருக்கும் புற்றுநோய் வந்ததில்லை. இந்த நோயின் புற்றணுக்கள், அதாவது புற்றுநோய் உயிரணுக்கள், குளிர்ந்த உப்புத் தண்ணீருக்கும் மட்டியின் உடம்புக்கும் பழகியவை. கொதிக்கிற பானையில் செத்துப்போகும். பச்சையாகவே உள்ளே போனாலும் வயிற்று அமிலமும் செரிமானமும் இருக்கின்றன, அதையெல்லாம் தாண்டினாலும் நம் நோய் எதிர்ப்புச் சக்தி அந்நிய அணுவைப் பார்த்த மாத்திரத்தில் அடித்துவிடும்.

அப்படியென்றால் எது தொற்றுகிறது? வைரஸா?

இல்லை, புற்றணுவேதான் தொற்றுகிறது. இதுதான் பலருக்கும் பிடிபடாத இடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சாதாரணமாகப் புற்றுநோய் என்றால் நம் உடம்பின் ஒரு அணு கட்டுப்பாடு இழந்து பெருகுவது. அந்த ஆள் இறந்தால் அந்த அணுக்களும் அதோடு சரி. ஆனால் இந்த மட்டிகளின் நோயில், என்றோ ஒரு காலத்தில் வாழ்ந்த ஒரே ஒரு மட்டியின் உடம்பில் கெட்டுப்போன ஒரு அணு, அந்த மட்டி சாவதற்குள் வெளியே வந்து, தண்ணீர் வழியாக இன்னொரு மட்டிக்குள் போய்க் குடியேறி, அங்கேயும் பெருகி, அங்கிருந்து அடுத்ததற்குப் போய், இன்றுவரை போய்க்கொண்டே இருக்கிறது. முதல் மட்டி எப்போதோ மண்ணோடு மண்ணாகிவிட்டது. அதன் அணு மட்டும் சாகவில்லை. புற்றுநோயாகப் பிறந்தது ஒட்டுண்ணியாக மாறிவிட்டது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் மென்மையான ஓடு உள்ள ஒரு மட்டி உண்டு. சேற்றைத் தோண்டி எடுத்து, ஆவியில் அவித்துத் தின்பார்கள். அதனாலேயே அங்கே அதன் செல்லப்பெயர் 'ஸ்டீமர்'. இந்த மட்டிகளுக்கு இரத்தப் புற்றுநோய் போல ஒன்று வந்து கூட்டம் கூட்டமாகச் சாவதை 1970களிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைரஸ் என்றார்கள், மாசு என்றார்கள், எதுவும் உறுதியாகவில்லை.

நோயுற்ற மட்டிகளிடம் ரெட்ரோவைரஸ் (அணுவின் டிஎன்ஏவுக்குள் தன்னைச் செருகிக்கொள்ளும் வைரஸ் வகை) இருப்பதற்கான சாடை தெரிந்ததால், அந்த வகை வைரஸ்களிலேயே ஊறியவரான கொலம்பியா பல்கலைக்கழகத்து ஸ்டீபன் கோஃப் என்பவரின் ஆய்வகம் இதில் இறங்கியது. இந்த நோயை ரொம்ப நாளாகப் பின்தொடர்ந்துவந்த கேரல் ரெய்னிஷும் சேர்ந்துகொண்டார். தேடியபோது கிடைத்தது வைரஸ் இல்லை, டிஎன்ஏவுக்குள் தன்னைத்தானே நகலெடுத்து இடம் இடமாகச் செருகிக்கொள்ளும் ஒரு தாவும் மரபணு. அதற்கும் ஸ்டீமர் என்றே பெயர் வைத்தார்கள். நல்ல மட்டியின் அணுவில் அது 2 முதல் 10 நகல் வரை இருக்கும், புற்றணுவில் 100 முதல் 300 வரை இருந்தது.

சரி, பெருகிவிட்டது என்று அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் அந்த ஆய்வகத்தில் இருந்த மைக்கேல் மெட்ஸ்கர், அந்த நகல்கள் டிஎன்ஏவில் எந்தெந்த இடத்தில் செருகியிருக்கின்றன என்று பார்த்தார். ஒவ்வொரு மட்டிக்கும் நோய் தனியாக வந்திருந்தால் அந்த இடங்கள் ஒவ்வொன்றிலும் வேறு வேறாக இருக்க வேண்டும். நியூயார்க், மெயின், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு என்று நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் பிடித்த மட்டிகளிலும் அதே இடங்களில் அதே செருகல். அப்புறம் புற்றணுவின் டிஎன்ஏவை அது குடியிருந்த மட்டியின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டால் இரண்டும் பொருந்தவில்லை. ஆனால் அத்தனை மட்டிகளின் புற்றணுக்களும் ஒன்றோடொன்று பொருந்தின. ஒரே திருடனின் கைரேகை ஊர் ஊராகக் கிடைத்த மாதிரி. 2015ல் இது வெளிவந்தது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நோய் வந்த மட்டியைப் பார்த்தால் தெரியுமா?

வெளியே பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. முற்றிய நிலையில் ஓட்டை மூடச் சோம்பும், மெலிந்துபோகும், மண்ணுக்குள் புதைந்து வாழ வேண்டிய மட்டி மேலே வந்து கிடக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் இரத்தம் எடுக்க வேண்டும். இரண்டு ஓட்டையும் இழுத்து மூடும் தசை ஒன்று இருக்கிறதே, அவித்த சிப்பியைப் பிரிக்கும்போது ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடிக்குமே, அது, அதில் மெல்லிய ஊசியை ஏற்றி உறிஞ்சினால் போதும். நல்ல மட்டியின் இரத்தம் கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் வரும். நோய் முற்றியதில் கஞ்சித் தெளிவு மாதிரி வெளுத்துக் கலங்கி வரும். அந்தக் கலக்கம் முழுக்க அணுக்கள்.

ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் விட்டு நுண்ணோக்கியில் வைத்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். நல்ல இரத்த அணு கண்ணாடியைத் தொட்டதும் கால் நீட்டுகிற மாதிரி நாலாபக்கமும் விரிந்து ஒட்டிக்கொள்ளும். புற்றணு ஒட்டாது. உருண்டையாக, உள்ளே பெரிய உட்கருவோடு, பக்கத்தில் இருப்பதையும் பிடிக்காமல் மிதந்துகொண்டிருக்கும். ஒட்டாமல் இருப்பதுதான் அதன் பலமே. எங்கேயும் பிடித்துக்கொள்ளாத அணுவால்தான் உடம்பு முழுக்க ஓட முடியும், உடம்பைவிட்டு வெளியேறவும் முடியும்.

தண்ணீர் வழியாக எப்படி ஒரு அணு உயிரோடு போகும்?

இங்கேதான் சிப்பியின் பிழைப்பு முறையே அதற்கு வினையாகிறது. சிப்பியும் மட்டியும் இரை தேடிப் போவதில்லை, இருந்த இடத்திலேயே தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் இருக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்றுவிட்டுத் தண்ணீரை வெளியே விடும். ஒரு மணி நேரத்துக்கு லிட்டர் கணக்கில். பக்கத்தில் இருக்கும் நோயாளி விட்ட தண்ணீரைத்தான் இது குடிக்கிறது, ஒரு பாறையில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும்போது கேட்கவே வேண்டாம். உள்ளே போன அணு எந்தத் திசு வழியாக இரத்தத்துக்குள் நுழைகிறது என்பதில் இன்னும் ஆய்வு நடக்கிறது. ஆனால் புற்றணு கடல் தண்ணீரில் பல நாள் தாக்குப்பிடிக்கிறது என்பதைச் சோதனையில் பார்த்துவிட்டார்கள். மென்னோட்டு மட்டியின் புற்றணு குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் உயிரோடு இருந்திருக்கிறது. நம் உடம்பின் ஓர் அணுவை எடுத்துக் கடலில் போட்டால் எவ்வளவு நேரம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்நிய அணுவை மட்டியின் உடம்பு விரட்டாதா?

நமக்கு உள்ள மாதிரி 'இது என் அணு, இது வேறொருவனுடையது' என்று சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு மட்டிக்குக் கிடையாது. ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தினால் உடம்பு ஏற்க மறுக்கிறதே, அந்த வேலையைச் செய்யும் அமைப்பு அதற்கு இல்லை. ஆனால் முழுக்க நிராயுதபாணி என்றும் சொல்ல முடியாது. நோய் வந்த மட்டிகளில் சில தாமாகத் தேறியிருக்கின்றன.

எந்தெந்தக் கடலில், எந்தெந்த வகையில் இருக்கிறது?

2016ல் ஒரே ஆய்வில் மூன்று இனம் சேர்ந்தது. கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் பக்கத்துப் பாறைச் சிப்பி, ஸ்பெயினின் கலீசியாவில் ஐரோப்பிய கோக்கிள் மட்டி, அதே கலீசியாவில் பொன்னிற மட்டி. அதற்கப்புறம் பிரான்ஸ், நெதர்லாந்து, அர்ஜென்டினா, சிலி, ஜப்பான் கடல், போலந்தை ஒட்டிய பால்டிக், மத்தியதரைக் கடல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

ஒரு இனத்தின் புற்றுநோய் வேறு இனத்துக்கும் போகுமா?

போயிருக்கிறது. கலீசியாவின் பொன்னிற மட்டிக்குள் இருந்த புற்றணுவைச் சோதித்தால் அது பொன்னிற மட்டியின் அணுவே இல்லை. அதே கரையில் அதே மணலில் வாழும் வேறொரு மட்டி இனத்தின் அணு. யாரிடமிருந்து வந்ததோ அந்த இனத்திடம் இன்று இந்த நோயைக் காண்பதே அரிது. அந்த இனம் பழகித் தப்பித்துக்கொண்டிருக்கலாம், நோய் புது வீடு தேடிப் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். மத்தியதரைக் கடலிலும் இப்படி இனம் தாண்டிய இன்னொன்றை 2022ல் கண்டுபிடித்தார்கள். நம்மை இது தொடாது என்று மேலே சொன்னேனே, அதற்கும் இதற்கும் முரண் இல்லை. தாவுவதெல்லாம் நெருங்கிய சொந்தங்களுக்குள்தான், பெரியப்பா வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் இடையில் மாதிரி. மட்டிக்கும் மனிதருக்கும் நடுவில் இருப்பது ஐம்பது கோடி ஆண்டுக்கும் மேலான தூரம்.

சிலிக்கும் பிரான்சுக்கும் நடுவில் ஒரு பெருங்கடலே இருக்கிறது. ஒரே அணு எப்படி இரண்டு இடத்துக்கும் போனது?

நாம்தான் கொண்டுபோயிருக்கிறோம். இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

வடக்குக் கடல்களில் வாழும் ஒரு பாறைச் சிப்பி இனத்தில் பிறந்த புற்றணு வம்சம் ஒன்று, தென் அமெரிக்கச் சிப்பியிலும் ஐரோப்பியச் சிப்பியிலும் இருப்பதை 2019ல் காட்டினார்கள். முதலில் யாருடைய உடம்பில் பிறந்ததோ அந்த இனம் சிலியிலோ அர்ஜென்டினாவிலோ இயற்கையாக இல்லவே இல்லை. வெந்நீரான வெப்பமண்டலக் கடலைத் தாண்டி ஒரு அணு தானாக மிதந்து போயிருக்க முடியாது. ஆனால் சிப்பி கப்பலின் அடியில் ஒட்டும். எங்கள் ஊர் வள்ளங்களின் அடியைச் சுரண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, நாலு மாதம் தண்ணீரில் கிடந்த பலகையில் எத்தனை உயிர் குடியேறும் என்று கையாலேயே தெரியும். அப்படி ஒட்டிய ஒரு நோயாளிச் சிப்பி அடுத்த துறைமுகத்தில் போய்த் தண்ணீரை வெளிவிட்டால் போதும். பிரான்சின் அட்லாண்டிக் கரையில் தேடியபோது திறந்த கரையைவிடத் துறைமுகங்களில் இருந்த சிப்பிகளிடம்தான் நோய் அதிகமாக இருந்தது. வளர்ப்புக்காகச் சிப்பிக் குஞ்சுகளை லாரியிலும் கப்பலிலும் ஏற்றி ஊர் மாற்றுவதும் இன்னொரு வழி.

எவ்வளவு காலமாக இருக்கிறது?

2023ல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. அமெரிக்க மென்னோட்டு மட்டியின் புற்றணு குறைந்தது 200 ஆண்டு பழையது என்று ஒன்று காட்டியது. இன்னொன்று ஐரோப்பிய கோக்கிள் பற்றியது. 11 நாடுகளின் கரையில் ஏறக்குறைய 7,000 மட்டிகளைச் சேகரித்துச் சோதித்தார்கள், ஸ்பெயினின் சந்தியாகோ தே கம்போஸ்தேலாவில் இருக்கும் ஹோசே தூபியோவின் குழு. கோக்கிளின் நல்ல அணுவில் 38 குரோமோசோம், அதாவது டிஎன்ஏ சுருண்டிருக்கும் இழைகள். புற்றணுவில் எண்ணினால் ஒன்றில் 11, இன்னொன்றில் 354. இப்படி டிஎன்ஏ சிதறிக் கிடக்கும் அணு பிழைக்காது என்றுதான் நாங்கள் படித்தோம். இது பிழைத்ததோடு நிற்காமல், குடியிருக்கும் மட்டியிடமிருந்து மைட்டோகாண்ட்ரியாவை (அணுவுக்குச் சக்தி தரும் உள்ளுறுப்பை) திருடித் தன்னுடையதாக்கிக்கொண்டும் இருக்கிறது, அதுவும் பல தடவை. பழைய எஞ்சின் ஓய்ந்தால் புதிதைக் கழற்றி மாட்டிக்கொள்கிற மாதிரி.

கடல் மாசுதான் காரணம் என்கிறார்களே?

தொற்றுவதற்குக் காரணம் மாசு இல்லை, மேலே சொன்ன அணுதான். அசுத்தமான, வெப்பம் ஏறிய தண்ணீரில் சிப்பி பலவீனப்பட்டு நோய் சுலபமாகப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி, ஆய்வில் இருக்கிறது.

வேறு விலங்குகளுக்கு இப்படி உண்டா?

இரண்டு தெரியும். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் 'டெவில்' என்ற சிறு விலங்குக்கு முகத்தில் வரும் கட்டி. ஒன்றையொன்று முகத்தில் கடித்துக்கொள்ளும் பழக்கத்தால் தொற்றுகிறது. 1996ல் முதலில் கண்ணில் பட்டது, அந்த இனத்தையே ஒடுக்கிவிட்டது. 2014ல் அதே விலங்கிடம் தனியாக இன்னொரு தொற்றுப் புற்று வந்திருப்பது தெரிந்தது.

இன்னொன்று நம் தெருவிலேயே இருக்கிறது. தெரு நாய்களின் பிறப்புறுப்பில் சிவப்பாகப் பூக்கோசு மாதிரி கட்டி வந்து இரத்தம் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இணைசேரும்போது தொற்றும் புற்று. 4,000 முதல் 8,500 ஆண்டுக்கு முன் ஆசியாவில் ஏதோ ஒரு நாயிடம் பிறந்த அணு, இன்று உலகம் முழுக்க உள்ள நாய்களிடம் வாழ்கிறது. நல்ல விஷயம், இதற்கு மருந்து கேட்கும். கால்நடை மருத்துவர் வாரம் ஒன்றாக வின்கிரிஸ்டின் ஊசி போட்டால் பெரும்பாலான நாய்கள் சில வாரத்தில் முழுதாகத் தேறிவிடும். அந்த வின்கிரிஸ்டின் எடுப்பது நம் வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து. உங்கள் தெருவில் அப்படி ஒரு நாய் இருந்தால் விரட்டாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்படியானால் மனிதப் புற்றுநோயும் தொற்றும்தானே?

தொற்றாது. எங்கள் குடும்பத்தில் ஒரு அத்தைக்கு மார்பகப் புற்று வந்தபோது அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்தார்கள். பிள்ளைகளை மடியில் உட்கார விடவில்லை. அவர் அதைப் புரிந்துகொண்டு தானாகவே ஒதுங்கி உட்கார ஆரம்பித்தார். நோய் கொடுத்த வலியைவிட அந்தத் தட்டு கொடுத்த வலி பெரிது என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. இந்தச் சிப்பிச் செய்தியைப் படித்துவிட்டு இன்னொரு வீட்டில் இன்னொரு தட்டு தனியாகப் போகக் கூடாது.

புற்றுநோயாளியோடு சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம். மனிதரிடமிருந்து மனிதருக்குப் புற்றணு போனது மிக மிக அரிதான சூழலில்தான். உறுப்பு மாற்றும்போது தானம் தந்தவரிடம் தெரியாமல் இருந்த புற்று, கருவுற்ற தாயிடமிருந்து சிசுவுக்கு, அறுவை சிகிச்சையில் கையைக் கிழித்துக்கொண்ட ஒரு மருத்துவருக்கு. அதுவும் அந்த ஒருவரோடு நின்றுவிட்டது, ஊருக்குள் பரவவில்லை. கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் எச்பிவி, கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் பி ஆகியவை தொற்றும், உண்மை. ஆனால் அங்கே தொற்றுவது வைரஸ், புற்றணு இல்லை. இரண்டுக்குமே தடுப்பூசி இருக்கிறது, வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் எச்பிவி ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்படியென்றால் சிப்பியில் பயப்பட ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் வேறு. 1981ல் கல்பாக்கத்தை ஒட்டிய வயலூரில் மட்டி சாப்பிட்டு மூன்று பேர் இறந்தார்கள், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். காரணம் புற்று இல்லை, கடலில் சில பாசிகள் திடீரெனப் பெருகும்போது அவற்றின் நஞ்சு மட்டியின் சதையில் சேர்ந்துவிடும். அந்த நஞ்சு கொதித்தாலும் போகாது. உதடு மரத்துப்போவதில் ஆரம்பித்து மூச்சை நிறுத்திவிடும். கடல் தண்ணீர் வழக்கத்துக்கு மாறாகச் சிவந்தோ பச்சையாகவோ கிடந்து மீன் செத்து ஒதுங்கும் நாட்களில் சிப்பி எடுக்காதீர்கள், வாங்காதீர்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதால் மட்டும் நஞ்சு இல்லை என்றும் எண்ண வேண்டாம். அதிகாரிகள் எச்சரித்தால் கேளுங்கள். சாக்கடை கலக்கும் கழிமுகத்தில் எடுத்த மட்டியும் வேண்டாம்.

இந்த நோயைத் தடுக்க வழி உண்டா?

கடலுக்கு ஊசி போட முடியாது. செய்யக்கூடியது, இடம் மாற்றுவதற்கு முன் பார்ப்பது. மட்டியின் இரத்தத்திலும் அது கிடக்கும் தண்ணீரிலும் புற்றணுவின் டிஎன்ஏவைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை வந்துவிட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கரையில் சுக்வாமிஷ் என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்றுவந்த கோக்கிள் மட்டி குறைந்துவிட்டது என்று அதை வளர்த்துக் கரையில் விட முயன்றார்கள். அந்த மட்டிகளிலேயே இந்த நோய் இருப்பது தெரிந்தது. பார்க்காமல் விட்டிருந்தால், காப்பாற்றப் போன கையாலேயே நோயையும் கரை கரையாக விதைத்திருப்பார்கள்.

கடைசியாக, அம்மா கேட்கச் சொன்னது: சிப்பியை எப்படிச் சுத்தம் செய்து அவிப்பது?

அம்மாவுக்குத் தெரியாததா. இருந்தாலும் சொல்கிறேன். வாங்கும்போதே ஓடு திறந்து கிடந்து, தட்டினாலும் மூடாததை ஒதுக்கிவிடுங்கள், அது செத்தது. மேலே ஒட்டிய பாசியையும் நாரையும் கத்தியால் சுரண்டி, நாலு தண்ணீரில் அலசுங்கள். ஓடு திறந்தவுடன் இறக்கிவிடாமல் இன்னும் சில நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள், ஏனென்றால் சாக்கடைத் தண்ணீரிலிருந்து வரும் கிருமிகள் அரைவேக்காட்டில் சாகாது. அப்புறம் தேங்காயும் மிளகும் அரைத்து வழக்கம்போல வையுங்கள். நான் வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், எனக்கும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள்.